திருவனந்தபுரத்தில் நல்ல வெயில்



‘வெளியே நல்ல வெயில்’ என்று நம் வீட்டில் ஒருவர் சொன்னால், குடை எடுத்துக்கொள், இல்லையேல் போகாதே என்பது அதன் பொருள். அதே சொற்களை ஸ்காட்லாந்தில் ஒருவர் சொன்னால், எழுந்து புறப்படு என்று பொருள். எடின்பரோ நகரில் ஜூலை மாதத்திற்கூட உச்ச வெப்பம் சராசரியாக 19 டிகிரி செல்சியஸ் அளவே இருக்கும். ஜூன் மாதத்தின் பிற்பகுதியில் அங்கே பகற்பொழுது பதினேழரை மணி நேரம் நீடிக்கிறது. இரவு பத்து மணியளவில்தான் கதிரவன் மறைகிறான். மழையும் மூடுபனியும் மிகுந்த அந்நாட்டில் வானம் வெளுத்து நான்கு நாட்கள் சேர்ந்தாற்போல் வெயில் காய்ந்தால், அதை வீணாக்குவது பாவம் என்றே மக்கள் கருதுகிறார்கள். குடும்பத்தோடு உலாப் போவார்கள். தோட்டத்தில் மண்வெட்டியுடன் இறங்குவார்கள். கோல்ப் மட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு புல்வெளியை நாடுவார்கள்.

இதைக் கேட்கும்போது நமக்குச் சிறிது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆயினும், பிழைப்பின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறியுள்ள தமிழர்களாகிய நாம், இவ்வூரில் நமக்கு வாய்த்த நல்ல பருவம் எது என்று எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர்கள் இம்மண்ணின் மழையோடு வளர்ந்தவர்கள். நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் உத்தியோகத்திற்கு வந்தவர்களையும், அவர்களுடன் முதுமையில் வந்து சேர்ந்த பெற்றோரையுமே நினைக்கிறேன். இவர்களிற் பலர் உடலால் இங்கும் பஞ்சாங்கத்தால் சொந்த ஊரிலுமாக வாழ்கிறார்கள்.

நம் இலக்கணம் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். பின்னர் முன்பனி, பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். கிழக்குச் சமவெளிக்குப் பொருந்தும் இந்தக் கணக்கை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே கொண்டுவந்தால் அது தடுமாறிப் போகிறது. முதுவேனில் என்று நாம் கற்ற ஆனி மாதம் இங்கே மழை கொட்டும் மாதம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் இயல்பான நாள் ஜூன் முதல் தேதி. மலையாளிகள் ‘இடவப்பாதி’ என்பார்கள். இடவ மாதமாகிய வைகாசியின் பாதி என்பது அதன் பொருள். ஐப்பசியில் ‘துலாவர்ஷம்’ என்னும் இரண்டாவது மழை வருகிறது. அது ஒன்றே நாம் முன்பே அறிந்தது. திருவனந்தபுரத்தில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழை ஏறத்தாழ 180 சென்டிமீட்டர். திருநெல்வேலியில் பெய்வது அதில் பாதிக்கும் குறைவே.

வெப்பமோ எனில், மார்ச், ஏப்ரல் மாதங்களில் இங்கே சராசரி உச்சம் 33 டிகிரி அளவு. பாளையங்கோட்டை வெயிலை அறிந்தவருக்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை உலர்வதில்லை, உடல் சோர்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. ஆகவே ஸ்காட்லாந்தில் இருப்பதுபோல, ‘இதோ கோடை வந்தது, இனி மூன்று மாதம் கொண்டாட்டம்’ என்று சொல்லத்தக்க பருவம் இங்கே இல்லை. இங்குள்ள இன்பம் பெரும்பொழுதில் இல்லை, சிறுபொழுதில் இருக்கிறது. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று நம் முன்னோர் ஒரு நாளை ஆறாகப் பகுத்தார்களே, அந்தக் கணக்குத்தான் இவ்வூரில் கைகொடுக்கிறது. கடும் மழை நாளிலும் ஒரு சிறுபொழுது வெளுக்கும். கடும் வெயில் நாளிலும் ஒரு சிறுபொழுது குளிரும். அதைக் கண்டு பயன்படுத்துபவர்க்கு ஆண்டு முழுதும் நல்ல பருவமே.

இவ்வூர் வானிலையை மணிக்கு மணி அளந்து குறித்த ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர் என்பது நினைக்கத்தக்கது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வுக்கூடம் நிறுவினார். பாளையத்துக்கு அருகே ஒரு குன்றின்மேல் அது இன்றும் இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. அதன் முதல் இயக்குநர் கால்டிகாட். அவருக்குப்பின் 1852-இல் அப்பதவிக்கு வந்தவர் ஜான் ஆலன் பிரவுன். 1817-இல் ஸ்காட்லாந்தின் டம்பிரீஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். தம் நாட்டில் மேக்கர்ஸ்டன் என்னும் இடத்துக் காந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிப் பயின்றவர். குளிர் நாட்டிலிருந்து வந்த அவர், நாம் நண்பகலில் சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் வேளையிலும் காந்த ஊசியையும் வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் விடாது பதிவு செய்வித்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. சமவெளியில் எடுத்த அளவுகளை உயரத்தில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட வேண்டும் என்று எண்ணி, அகத்திய மலையின்மேல் ஓர் ஆய்வுக்கூடத்தை 1855-இல் அமைத்தார். பொதிகை என்று நாம் போற்றும் மலைத்தொடரின் சிகரம் அது. 1,868 மீட்டர் உயரம். தமிழ் முனிவர் உறையும் இடம் என்பது நம் நம்பிக்கை. யானையும் அட்டையும் நிறைந்த காட்டினூடே கருவிகளையும் கட்டுமானப் பொருள்களையும் மேலே கொண்டு சென்றவர்கள் இந்நாட்டுத் தொழிலாளர்கள். அவர்கள் பெயர்களைச் சரித்திரம் நினைவில் வைக்காதது வருந்தத்தக்கது. இவ்விரு இடத்துக் காந்த அளவுகளும் 1874-இல் நூலாக வெளிவந்தன. நிலவுலகின் காந்த விசை ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டு, சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு அதனைத் தொடர்புபடுத்தியவர் பிரவுன். 1878-இல் லண்டன் ராயல் சங்கம் அவருக்கு ராயல் பதக்கம் அளித்தது. நாம் குடை பிடித்துத் தப்பும் சூரியனிடம் அவர் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரால் நமக்கு நேரே கிடைத்த பயன் வேறொன்று. இன்று நாம் ‘மியூசியம்’ என்று ஒரே சொல்லால் சுட்டும் காட்சிசாலை 1857-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராக இருந்தவரும் பிரவுனே. 1859-இல் அதனைச் சூழ்ந்த பூங்காவும் மிருகக்காட்சிசாலையும் உருவாயின. இப்போதுள்ள அழகிய கட்டடம் பின்னால் வந்தது. சிற்பி சிஷோம் வரைந்த அமைப்பில் 1880-இல் நிறைவெய்தியது. சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது. அவரும் ஸ்காட்லாந்தின் பழைய பிரபு வமிசத்தவரே.

இப்பூங்கா வைகறைக்கு உரியது. ஐந்தரை மணிக்கே நடப்பவர்களின் கூட்டம் தொடங்கிவிடும். பெரிய மரங்களின் கீழ் இரவு மழையின் நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். வளாகத்தினுள் நடப்பதற்குக் கட்டணம் இல்லை. அமைச்சரும் நடக்கலாம், சாலைக் கடைவீதியில் மூட்டை சுமப்பவரும் நடக்கலாம். எட்டரை மணிக்குமேல் இங்கே உலாவ வருவது வியர்ப்பதற்கே ஆகும். தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தினரைப் பதினொரு மணி வெயிலில் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் சென்று, ‘உங்கள் ஊரில் என்ன இப்படி வியர்க்கிறது’ என்று அவர் கேட்க விடுபவர்கள் நம்மில் பலர்.

எற்பாடு, அதாவது பிற்பகல் சாயும் பொழுது, நெய்தல் நிலத்துக்கு உரியது என்று வகுத்தவர்கள் கடற்கரையை நன்கு அறிந்தவர்கள். சங்குமுகம் கடற்கரைக்கு அவ்வேளையே ஏற்றது. ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயில் உற்சவங்களின் முடிவில் ஆராட்டு நடப்பதும் இக்கடலில்தான். அவ்வுற்சவங்களின் பெயர்களைக் கவனியுங்கள்: ஒன்று ‘பைங்குனி’, மற்றொன்று ‘அல்பசி’. மீனம், துலாம் என்று ராசியால் மாதங்களை வழங்கும் நாட்டில், கோயில் மட்டும் நம் பங்குனியையும் ஐப்பசியையும் விடாமல் வைத்திருக்கிறது. ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து செல்லும்; அதற்காகச் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படும்.

கடற்கரைக்குச் செல்வோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலக் கடல் கரையை அரித்துச் செல்லும் என்பது எல்லோரும் அறிந்ததே. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் டவ்தே புயலின்போது சங்குமுகத்துச் சாலையே கடலில் சரிந்தது. ஆனால் வானம் தெளிந்து, காற்றும் அடங்கி, உலாவுக்கு இதைவிட நல்ல நாள் வேண்டுமோ என்னும்படி இருக்கும் கோடை நாளிலும் கடல் திடீரென்று பொங்குவதுண்டு. மீனவர்கள் இதைக் ‘கள்ளக்கடல்’ என்பர். கள்வனைப்போல் அறிவிப்பின்றி வருவதால் அப்பெயர். பல்லாயிரம் கிலோமீட்டர் தெற்கே பெருங்கடலில் எழும் புயல்கள் நீண்ட அலைகளைக் கிளப்புகின்றன. அவை சில நாட்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. இங்கே ஒரு மேகமும் இராது. 2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையோரத்தில் பல இடங்களில் கடல்நீர் வீடுகளுக்குள் புகுந்தது இவ்வாறே. ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் இப்போது இதற்கு முன்னெச்சரிக்கை விடுக்கிறது. குழந்தைகளுடன் கடற்கரைக்குப் புறப்படுமுன் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. வெயிலை மட்டும் நம்பிப் போகலாகாது.

மலைக்கும் இதே விதி பொருந்தும். பொன்முடி நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே 1,100 மீட்டர் உயரத்தில் பனிமூட்டமும் புல்வெளியும். அடிவாரத்தில் கல்லாற்றில் வெயில் காயும். மேலே காட்டில் மழை பெய்து கொண்டிருக்கும். அம்மழை நீர் சிறிது நேரத்தில் கீழே பாய்ந்து வரும். ஆற்றில் இறங்குமுன் மலையை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அகத்தியர் கூடத்துக்கு ஏற விரும்புவோர்க்கு வனத்துறை சனவரியிலிருந்து சில வாரங்களே அனுமதி தருகிறது. உயர்நீதிமன்றத் தீர்ப்பின் பின் 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள். இவ்வூரில் நல்ல பருவம் என்று சொல்லத்தக்கது ஏதேனும் உண்டெனில் தை, மாசி மாதங்களைத்தான் சொல்வேன். அப்போது வானம் ஸ்காட்லாந்துக்காரன் கனவிற் காண்பதுபோல் இருக்கும்.

இனிக் கோல்ப் ஆட்டத்துக்கு வருவோம். நம்மிற் பெரும்பாலோர்க்கு அது செல்வர்களின் பொழுதுபோக்கு என்பதே தெரியும். பிறந்த நாட்டில் அது அப்படியன்று. 1457-ஆம் ஆண்டிலேயே, மக்கள் வில்வித்தை பழகாமல் இதிலேயே காலம் கழிக்கிறார்கள் என்று ஸ்காட்லாந்தின் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் இதற்குத் தடை விதித்தார் எனில், எல்லா மக்களும் ஆடினர் என்றுதானே பொருள்? ஆட்டத்துக்குப் பதினெட்டுக் குழிகள் என்னும் கணக்குப் பிறந்தது செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், 1764-இல். உலகப் புகழ் பெற்ற அந்நகரத்துப் பழைய திடல் ஊர்ப் பொதுநிலம். பெரும் போட்டி நாட்கள் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் இல்லை. அன்று ஊர்மக்கள் அதன்மேல் உலாவுவார்கள்; நாய்களை ஓடவிடுவார்கள்; குழந்தைகள் புல்லில் புரளும்.

இந்தியாவுக்கு இவ்வாட்டம் வெகு முன்பே வந்தது. கல்கத்தாவில் 1829-இலும், நம் கொடைக்கானலில் 1895-இலும் சங்கங்கள் தோன்றின. திருவனந்தபுரத்தில் கவடியார் அரண்மனைக்கு அருகே ஒன்பது குழிகள் கொண்ட திடல் ஒன்று இருக்கிறது. நகரத்தின் நடுவில் அத்தனை பசுமை காண்பதற்கு இனிமையே. ஆனால் ஆட்டம் வந்த அளவுக்கு அதன் ஞாயிற்றுக்கிழமை நம் நாட்டுக்கு வரவில்லை. சங்கத்தில் சேர முடியாதவர்கள் வருந்த வேண்டுவதில்லை. கோல்ப் ஆட்டத்தின் பயனிற் பெரும்பகுதி பந்துக்கும் பந்துக்கும் இடையே நடப்பதில்தான் இருக்கிறது. அந்த நடையை வெள்ளையம்பலத்திலிருந்து கவடியார் வரை செல்லும் அகன்ற சாலையில் எவரும் மாலையில் நடக்கலாம். ஒரு செய்தியை மட்டும் விட மனமில்லை. 1848-இல், இறகு திணித்த பழைய தோல் பந்தை ஒழித்து, கோல்ப் ஆட்டத்தை எளியவர்க்கும் எட்டச் செய்தது மலாய் நாட்டுக் காட்டு மரம் ஒன்றின் பால். அம்மரத்தின் உறவினமொன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது. நாம்தான் அதைப் பந்தாக்கிப் பார்க்கவில்லை.

உலாவும் ஆட்டமும் இல்லாவிடினும் குறையில்லை. தோட்டம் இல்லாத வீடுதான் இவ்வூரில் வெறுமை. நம்மவர் தோட்டங்கள் இங்கே பெரும்பாலும் ஏன் தோற்கின்றன என்பதற்கு விடை எளிது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியை நாம் பெட்டி படுக்கையோடு கொண்டுவந்துவிட்டோம். இங்கே ஆடி என்பது கர்க்கடகம். மண் ஊறிக் கிடக்கும்; நேரே விதைத்த விதை முளைக்குமுன் அழுகும். கர்க்கடகத்தில் முருங்கைக் கீரையை மலையாளிகள் உண்ணவும் மாட்டார்கள். நாமோ ஆடி மாதத்தில் அதைத் தேடி உண்போம். மலைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே கீரைக்கு இரண்டு சாத்திரங்கள்!

இவ்வூர் உழவரின் நாள்காட்டிக்கு ‘ஞாற்றுவேலை’ என்று பெயர். சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் தங்கும் ஏறத்தாழ பதின்மூன்றரை நாட்களை ஒரு வேலை என்று கொண்டு, ஆண்டை இருபத்தேழாகப் பகுத்திருக்கிறார்கள். அசுவதியில் தொடங்கி ரேவதியில் முடியும். நமக்கு முற்றும் தெரிந்த நட்சத்திரங்களே. அவற்றை நாம் திருமணத்துக்குப் பார்க்கிறோம், இவர்கள் வெண்டைக்காய்க்குப் பார்க்கிறார்கள். மேட மாதம் பத்தாம் நாளாகிய ‘பத்தாமுதயம்’ விதைக்க உகந்தது. எல்லாவற்றிலும் சிறந்தது திருவாதிரை ஞாற்றுவேலை. சூன் 21 அல்லது 22-இல் தொடங்கி சூலை முதல் வாரம் வரை நிற்பது. அப்போது மழை விட்டு விட்டுப் பெய்யும். நடுவே இளவெயில் எறிக்கும். ஒடித்து ஊன்றிய கொம்பெல்லாம் தழைக்கும். மிளகுக் கொடி நடுவது அப்போதுதான். போர்த்துகீசியர் மிளகுக் கொடியைக் கப்பலேற்றுகிறார்கள் என்று கோழிக்கோட்டுச் சாமூதிரியிடம் ஒருவர் முறையிட்டபோது, ‘கொடியைத்தானே கொண்டு போகிறார்கள், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டு போக முடியாதே’ என்று பதில் வந்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ பொய்யோ, ஊர் மாறி வந்த நம்மைப் போன்றவர்கள் அதைச் சிரித்துவிட்டு மறந்துவிடலாகாது.

காய்கறிக்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்த மார்கழி முதல் பங்குனி வரை. பாகல், புடல், வெண்டை, வெள்ளரி எல்லாம் அப்போது நன்கு வரும். நீர் மட்டும் நாம் ஊற்ற வேண்டும். விஷுவன்று கணியில் வைக்கும் பொன்னிற வெள்ளரி அந்தக் கோடைச் சாகுபடியின் விளைவே. மல்லிகை கடும் வெயிலை விரும்பும் செடி. சித்திரை வரை பூக்க விட்டு, மழையில் வேர் அழுகாமல் வடிகால் செய்து வைத்தால் பிழைக்கும். கீரைக்கு ஒரு நுட்பம் உண்டு. சிவப்புத் தண்டுக்கீரையில் மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோய் விழும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார், ‘அருண்’ என்னும் தங்கள் சிவப்பு வகையோடு, நோய் தாங்கும் பச்சைக் கீரையைக் கலந்து விதைக்கச் சொல்கிறார்கள். அந்தப் பச்சைக் கீரை ‘கோ-1’. கோயம்புத்தூரில் தேர்ந்தெடுத்த வகை. நிலம் இல்லாதவர்க்கு மொட்டைமாடியும் பத்துப் பைகளும் போதும்.

டில்லியிலும் மும்பையிலும் இவ்வுரையைப் படிக்கும் அன்பர்களுக்கும் இது புறம்பானதன்று. டில்லிக்கு மாசியும் பங்குனியும் மலர்க்காலம். மும்பைக்கு மழை நின்று காற்று உலர்ந்த மார்கழி. ஆயினும் பள்ளி விடுமுறை விட்டவுடன், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, சொந்த ஊரின் கொடும் வெயிலுக்குள் ரயிலேறும் வழக்கம் நம் எல்லோர்க்கும் பொது. ஊருக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டியைப் பார்க்காத குழந்தைக்கு எந்த உலாவும் ஈடாகாது. விடுமுறையில் இரண்டு வாரமேனும் இருக்கும் ஊரில் இருந்து பாருங்கள் என்பதே என் விண்ணப்பம். தமிழ் பேச ஆளில்லாமல் அடுக்குமாடி வீட்டின் தொலைக்காட்சிக்கு முன்னே நாளெல்லாம் அமர்ந்திருக்கும் முதியவர்கள் இந்நகரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நெல்லையில் நூறு வாழையைக் காத்த கை, இங்கே ஒரு தொட்டிச் செடியைத் தொடுவதில்லை; மழை எப்போது வரும், எப்போது ஓயும் என்று தெரியாததே காரணம். அதைச் சொல்லக்கூடியவர் பக்கத்து வீட்டில் இருப்பார். ஞாற்றுவேலை பற்றிக் கேட்டால் மகிழ்ந்து சொல்லாத மலையாளி முதியவரை நான் இதுவரை கண்டதில்லை. பாதி மொழி புரியாவிட்டாலும் நட்சத்திரப் பெயர்கள் இருவர்க்கும் பொதுவே. திருவாதிரை என்று தொடங்கினால் போதும்.

இவ்வாண்டு நட விரும்புவோர் மே மாத இறுதிக்குள் குழி வெட்டி, சாணமும் சருகும் இட்டு ஆற விடுங்கள். செம்பருத்திக்குக் கைப்பெருவிரல் தடிமனுள்ள கொம்பு, ஒரு சாண் நீளம். மிளகுக்கு மூன்று கணு. முதல் மழை இரண்டு வாரம் பெய்து மண் ஊறட்டும். சூன் இருபத்திரண்டாம் தேதிக்குப்பின் ஒரு மாலையில் மழை விட்டுச் சற்றே வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது ஊன்றுங்கள்.